கட் சொல்லும் வரை

ஊசியக்காவுக்கு அடிதடிப் படம் என்றால் உயிர். அதிலும் கையில் காசில்லாமல் எடுத்த படங்கள்தான் பிடிக்கும். ஒரே தெருவில் நாலு சண்டை நடக்கும், செத்துப்போன அடியாள் அடுத்த காட்சியில் மீசை வைத்துக்கொண்டு திரும்பி வருவான், கதாநாயகன் உதைப்பதற்கு முன்பே உதைத்த சத்தம் வந்துவிடும். அதெல்லாம் அவளுக்குக் குறையாகவே தெரியாது. ஒரு சின்ன ஊர், அந்த ஊரைச் சுருட்டி வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு தலைவன், அவனால் குடி கெட்டுப்போன ஒருத்தன். கடைசியில் அந்தத் தலைவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நடுத்தெருவில் போட்டு மிதிக்க வேண்டும். மிதி விழ விழ ஊசியக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து, "இன்னும் ஒண்ணு போடுடா!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். தியேட்டரே சேர்ந்து விசிலடிக்கும்.

படம் விட்டு வெளியே வந்தால், எதிரே ஊர் நகராட்சியின் நிஜத் தலைவரின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். சற்றுமுன் விசிலடித்த அதே கூட்டம் ஓரமாக ஒதுங்கி, பல்லைக் காட்டி, சலாம் போடும். அதைப் பார்க்கும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உள்ள அடிச்ச விசிலை வெளியில அடிங்களேன்டா, ஒருத்தனுக்காவது வாயில காத்து இருக்கா?" என்று சத்தமாகவே கேட்பாள். கேட்காதவர்கள் மாதிரி எல்லாரும் நடையைக் கட்டுவார்கள்.

ஊசியக்கா என்பது ஊர் வைத்த பெயர். தையல்காரி. வாயும் அப்படி. புருஷன் லாரி ஓட்டப் போனவன், ஒரு நாள் பிணமாகத்தான் வந்தான். அவன் விட்டுப்போனது ஒரு வீடு. அது என்ன பெரிய வீடு? முன்னறையில் இரண்டு தையல் மிஷின், பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். ஆனால் இருவரும் சேர்ந்து செங்கல் சுமந்து கட்டியது. வாசல்படியை மட்டும் கொத்தனாரை நம்பாமல் அவனே போட்டான். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, கோணல் என்றால் அப்படியொரு கோணல். வருகிறவர்கள் ஒருமுறையாவது தடுக்கி விழாமல் உள்ளே போனதில்லை. அவள் கேலி செய்தால், "திருடன் வந்தா விழட்டும்டி, விடு" என்பான்.

திருடன் வந்தான். வாசல் வழியாக வரவில்லை, மற்ற மூன்று பக்கமும் வந்தான். நகராட்சித் தலைவரின் வணிக வளாகம் அந்த வீட்டைச் சுற்றி எழும்பி நின்றது. இடம் ஊர்ப் பொது இடம், சிமென்ட் பள்ளிக்கூடத்துக்கென்று வந்த சிமென்ட், பத்திரம் மட்டும் அவருடைய மச்சினன் பெயரில். வளாகத்துக்கு வாசல் வைக்க வேண்டிய இடத்தில் இவள் வீடு நின்றது. கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் நின்றது. தெருவிளக்கு அவள் வீட்டருகே மட்டும் எரியவில்லை. வாசலுக்கு முன்னால் குழி தோண்டி, மூடாமல் போட்டார்கள். துணி தைக்க வருகிறவர்கள் பலகை மேல் கால் வைத்துத் தாண்டி வந்தார்கள். "அவன் குழி தோண்டினா நான் பாலம் போடுவேன், பார்த்துடலாம்" என்று அவள் மிஷினை மிதித்தாள்.

இந்த லட்சணத்தில்தான் ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

சேதி கொண்டுவந்தது அவள் கூடப்பிறந்த தம்பி. தலைவருக்குப் பின்னால் குடை பிடித்துத் திரிகிற பிழைப்பு அவனுக்கு. "அக்கா, உனக்குப் பிடிச்ச மாதிரியான படம்க்கா! லஞ்சம் வாங்குற தலைவன், பழிவாங்குற ஹீரோ. ஹீரோவோட அம்மா வீடு இருக்கே, அதுக்கு நம்ம வீடுதான் பொருத்தமா இருக்காம்!"

"பணம் போடுறது யாரு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "நம்ம தலைவர்தான்."

ஊசியக்கா வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "லஞ்சம் வாங்குறவனை உதைக்கிற படத்துக்கு இவன் பணமா? கொழுப்புதான்டா அவனுக்கு. அதுல அவனும் நடிக்கிறானோ?"

"நல்லவரா நடிக்கிறாருக்கா. வில்லன் வீட்டை இடிக்க வர்றப்போ குறுக்க வந்து தடுக்கிற பெரிய மனுஷன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ சரின்னு சொன்னா குழியை மூடிடுவாரு, தண்ணி விட்டுடுவாரு. பழசையெல்லாம் மறந்துடலாம்னு சொன்னாருக்கா."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. மத்தியானம் குழி மூடப்பட்டது. இயக்குநர் வந்து வாசல்படியில் தடுக்கி, விழுந்து எழுந்து, "புல்டோசர் இங்க வரைக்கும்தான்மா வரும், வாசல்லேர்ந்து பத்தடி தள்ளி நின்னுடும், ஒரு சுண்ணாம்புகூட உதிராது" என்று சத்தியம் செய்தான். பாவம், ஒட்டின கன்னமும் சாயம்போன சட்டையும். இதுதான் அவனுடைய முதல் படமாம். தன் வாசலில் வைத்து ஒரு ஊழல்காரன் உதைபடுவான் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது. தலையாட்டிவிட்டாள். கூடவே படத்தின் துணிமணி வேலையும் அவளுக்கு வந்தது.

படப்பிடிப்பு நடந்தது. வில்லனாக நடித்தவர் நல்ல மனிதர், கடன் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ரகம். அவரை ஊரே கரித்துக்கொட்டியது. பிள்ளைகள் கல்லெறிந்தார்கள், ஒரு கிழவி முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். அதே கிழவி நிஜத் தலைவர் வந்தபோது எழுந்து நின்றாள். வில்லன் ஊசியக்காவின் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "முப்பது படமா அடி வாங்குறேம்மா. நிஜத் திருடன் ஒருத்தன் அடி வாங்கி நான் பார்த்ததே இல்ல" என்றார்.

தலைவருக்கு நடிப்பு வரவில்லை. கையை உயர்த்தி, "நிறுத்து! ஏழையின் கண்ணீர் இந்த ஊரை எரித்துவிடும்!" என்று சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு, "சரியா சொன்னேனா?" என்று கேமராவைப் பார்ப்பார். கூட்டத்தில் எவனாவது தும்முவான். தலைவரின் ஆட்கள் ஓடி வந்து வேர்வையைத் துடைப்பார்கள். இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, என்ன நடந்தாலும் சரி, நான் கட் சொல்ற வரைக்கும் நீங்க நிறுத்தக்கூடாது. உங்க ஆளுங்களும் உள்ள வரக்கூடாது."

தலைவர் ஆட்களைப் பார்த்து உறுமினார். "கேட்டுச்சா? கட் சொல்றதுக்கு முந்தி எவனாவது கயித்தைத் தாண்டினான், காலை உடைச்சுப்புடுவேன்."

அன்றிலிருந்து அவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை அடக்கியதைப் பார்க்க வேண்டும். எல்லைக்காவல் தோற்றுப்போகும். தம்பிதான் முதல் ஆள்.

வீட்டை இடிக்க வரும் காட்சிக்கு முந்தைய சாயங்காலம் காஸ்ட்யூமர் ஒரு மூட்டையோடு வந்தார். ஹீரோவின் அம்மா போடும் உடுப்பு. அடிதடிப் படத்தில் ஒரே உடுப்பை மூன்றாகத் தைப்பார்கள் என்பது அவளுக்கு இப்போது அத்துப்படி. சண்டைக்கு முன் ஒன்று, சண்டையில் கிழிந்தது ஒன்று, சண்டைக்குப் பின் ரத்தமும் அழுக்குமாக ஒன்று. மூன்றாவதை விரித்துப் போட்டு, காஸ்ட்யூமர் ஒரு டப்பாவைத் திறந்தார். செங்கல் பொடியும் சுண்ணாம்புப் பொடியும்.

"இது எதுக்கு?"

"தோள்ல, தலையில எல்லாம் நல்லா அப்பணும்க்கா. வீடு விழுந்த பிறகு அந்தம்மா புழுதியோட நிக்கணுமே."

"எந்த வீடு விழுந்த பிறகு?"

காஸ்ட்யூமர் பொடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வீடுதான். நாளைக்கு ஒரே டேக். இரண்டாவது டேக் எடுக்கிறதுக்கு வீடு இருக்காதே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு நிமிர்ந்தவர், அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு செத்துவிட்டது. "அக்கா… உங்களுக்குத் தெரியாதா? அப்புறமா நீங்க வீட்டையே குடுத்துட்டதா தலைவர் சொன்னாரே! அதைப் பத்திப் பேச்செடுத்தா அழுவீங்க, யாரும் கேக்காதீங்கன்னாரு. டைரக்டர்கூட உங்களை நினைச்சு வருத்தப்பட்டாரே!"

அவள் அந்த உடுப்பை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். "நிறுத்துன்னு சொல்லுவானே, அந்தப் பெரிய மனுஷன்?"

"அது வசனம்க்கா. புல்டோசர் ஓட்டுறது நகராட்சி டிரைவர், அந்த மொட்டை. சட்டை அளவு எடுக்கிறப்போ அவனே சொன்னான். நான் வசனம் பேசிட்டு ஒதுங்கிடுவேன், எவ்வளவு கத்தினாலும் நிறுத்தாதே, அது வசனம், நீ பாட்டுக்கு ஏத்திடுன்னு தலைவர் சொல்லியிருக்காராம். ஜனங்க கேட்டா டிரைவர் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லிக்கலாமாம்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! வீட்டையும் இடிக்க வேண்டும், இடிக்கும்போது தடுத்த புண்ணியவான் என்ற பெயரும் வேண்டும், அதைப் படம் பிடித்து ஊர் ஊராக ஓட்டவும் வேண்டும். அவளுடைய கண்ணீரைக்கூட அவன் விடவில்லை, அதிலும் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தான். படுபாவி. ஊசியக்கா அந்தப் புழுதி உடுப்பைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போலீஸுக்குப் போகலாம். இன்ஸ்பெக்டர் படப்பிடிப்புக் குடையின் கீழ்தான் தலைவரோடு உட்கார்ந்து குளிர்பானம் குடிக்கிறார். கோர்ட்டுக்குப் போகலாம். நாளைக் காலையில் விழுகிற வீட்டுக்கு எப்போதோ வரப்போகிற தீர்ப்பு எதற்கு? இயக்குநரிடம் சொன்னால் அவன் தலைவரிடம் கேட்பான். தம்பியிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம், ஓடிப்போய் ஒப்பிப்பான். படப்பிடிப்பு நின்றால் கேமரா போய்விடும், கூட்டம் போய்விடும், ஒரு நாள் சத்தமில்லாமல் புல்டோசர் மட்டும் வரும்.

"இந்த உடுப்பு எனக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டாள்.

காஸ்ட்யூமர் அவளை மேலும் கீழும் பார்த்தார். புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பொடி டப்பாவை மூடாமல் அங்கேயே வைத்துவிட்டு, "நான் எதையும் பார்க்கலக்கா" என்று எழுந்து போனார்.

காலையில் ஊரே திரண்டு வந்தது. கூரை மேல், மதில் மேல், தண்ணீர்த் தொட்டி மேல் தலைகள். தம்பியும் மற்றவர்களும் கயிற்றைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தினார்கள். தலைவர் வெள்ளைச் சட்டையில், முகத்தில் பவுடர் அப்பி, தன் இடத்தில் நின்றார். வில்லன் புல்டோசரின் படிக்கட்டில் டிரைவர் மொட்டைக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு நின்றார். அம்மா நடிகை தெருவோரத்தில் மண்டியிட்டாள். ஊசியக்கா துணி வாங்க வெளியூர் போயிருப்பதாகப் பேச்சு. வீடு பூட்டாமல் சாத்தியிருந்தது.

"ஆக்ஷன்!"

"இடிச்சுத் தள்ளுடா!" என்று வில்லன் கர்ஜித்தார். கூட்டம் அவரைத் திட்டியது. புல்டோசர் முன்பக்கத் தகட்டை உயர்த்திக்கொண்டு நகர்ந்தது. தகடு உயர்ந்துவிட்டால் அதற்கு முன்னால் தாழ்வாக இருக்கும் எதுவும் டிரைவருக்குத் தெரியாது. தலைவர் சரியான நேரத்தில் வாசலுக்கு முன்னால் வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை உயர்த்தினார்.

"நிறுத்து! ஏழையின் கண்ணீர் இந்த ஊரை…"

கதவு திறந்தது. தலையெல்லாம் புழுதி, தோளெல்லாம் செங்கல் பொடி, ஊசியக்கா வெளியே வந்தாள். பின்னாலிருந்து தலைவரின் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. அவருடைய குதிகால் அந்தக் கோணல் படியில் தட்டியது. பொத்தென்று மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்க விடாமல் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து காலரை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலமெல்லாம் துணியைப் பிடித்த கை. விடுமா?

இயக்குநருக்குக் கண் பிதுங்கியது. இது கதையில் இல்லை. ஆனால் ஒரே டேக். வீடு விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. கட் சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கேமரா ஓடியது.

"எங்க அக்காடா!" என்று தம்பி பூரித்துப்போனான். "நடிக்கிறதை எனக்குக்கூடச் சொல்லல பாரேன்!"

"விடுடி, பைத்தியமே!" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"ஏன்? கையைத் தூக்கு. நிறுத்துன்னு சொல்லு. நீதான் ஊரைக் காப்பாத்துற பெரிய மனுஷனாச்சே, சொல்லிப் பாரேன்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். புல்டோசர் வந்துகொண்டிருந்தது. "நிறுத்து!" என்று கத்தினார். அது நிற்கவில்லை. "நிறுத்துடா! டேய், நிறுத்து!"

டிரைவர் மொட்டை விசுவாசமான ஆள். எவ்வளவு கத்தினாலும் ஏத்து என்றார்கள், ஏற்றினான்.

"தலைவர் நடிப்பைப் பாருங்கடா! நிஜமாவே பயந்த மாதிரி இருக்கு!" என்று ஆட்கள் கைதட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர் பதறிப்போய்க் கயிற்றைத் தாண்டப் பார்த்தார். "யோவ், கட் சொல்லல! தள்ளிப் போ!" என்று தம்பியே நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். இன்ஸ்பெக்டர் குடையின் கீழ் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

தகட்டின் நிழல் இருவர் மேலும் விழுந்தது. ஊசியக்காவுக்கும் பயம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் காலரை விடவில்லை. "அவன் நிறுத்த மாட்டான். நீதானே சொல்லி வச்சிருக்க? என்ன சொன்னியோ அதைத் திருப்பிச் சொல்லு. இல்லேன்னா இரண்டு பேரும் இங்கேயே சமாதி. என் வீட்டு வாசல்ல சாக எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு?"

இடிப்பதற்காக இறங்கிய தகடு படியின் ஓரத்தில் மோதியது. சிமென்ட் பிளந்து ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. அப்போதுதான் தலைவரின் வாயிலிருந்து அந்த அலறல் வந்தது.

"மொட்டை! டேய் மொட்டை! நான் சொன்னதை விட்டுடுடா! இது வசனம் இல்லடா! வீட்டை இடிக்கச் சொன்னது வேணாம்டா! இந்த வீடு எனக்கு வேணாம்டா! ஐயோ, வேணாம்டா!"

படிக்கட்டில் நின்ற வில்லனுக்கு எல்லார் வசனமும் மனப்பாடம். இது எந்தப் பக்கத்திலும் இல்லையே என்று எட்டிப் பார்த்தவர், டிரைவர் கையைத் தட்டிவிட்டுச் சாவியைப் பிடுங்கினார். புல்டோசர் இருமிவிட்டு நின்றது.

திடீரென்று எந்தச் சத்தமும் இல்லை. டிரைவர் மொட்டை தகட்டுக்கு மேலாகத் தலையை நீட்டினான். "ஐயா, எவ்வளவு கத்தினாலும் நிறுத்தாம வீட்டை இடின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று குழந்தை மாதிரி கேட்டான்.

கூரை மேல் இருந்தவனுக்கும் அது கேட்டது. கயிற்றைப் பிடித்திருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பியின் கைதட்டல் பாதியில் நின்றுவிட்டது. அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அக்காவின் தலையில் இருந்த புழுதியைப் பார்த்தான், உடைந்த படியைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஊசியக்கா எழுந்து நின்றாள். "டைரக்டர் தம்பி, கட் சொல்லிட்டியா?"

"இ… இல்லைம்மா."

"சொல்லாத."

குனிந்து காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது, பவுடர் பறந்தது. "இது தண்ணிக்கு." இரண்டாவது, "இது குழிக்கு." தலைவர் தன் ஆட்களைப் பார்த்துக் கையை நீட்டினார். ஒருவனாவது அசைய வேண்டுமே! கட் சொல்வதற்கு முந்தி கயிற்றைத் தாண்டினால் கால் போய்விடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து ஓடி வந்தார். தம்பி குறுக்கே கையை நீட்டினான். "சார், ஷாட் போயிட்டிருக்கு."

தண்ணீர்த் தொட்டி மேலிருந்து யாரோ விசிலடித்தார்கள். ஒற்றை விசில். பிறகு மதில் மேலிருந்து ஒன்று. பிறகு தெருவே விசிலடித்தது. நேற்றுவரை தலைவரைக் கண்டால் எழுந்து நின்ற அந்தக் கிழவி முன்வரிசையில் நின்று, "இன்னும் ஒண்ணு போடுடி!" என்று கத்தினாள்.

ஊசியக்கா போட்டாள்.

அடுத்த வாரம் தலைவர் மேடை போட்டார். அன்று நடந்தது முழுவதும் நடிப்பு, படத்துக்காகச் செய்தது என்று பேசத் தொடங்கினார். கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி விசில். பேச்சை முடிக்காமலே இறங்கிப் போனார். வளாகத்துக்கு வாசல் வைக்கும் வேலை நின்றுவிட்டது. சிமென்ட் எங்கிருந்து வந்தது என்று ஜனங்கள் இப்போது சத்தமாகவே கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

இயக்குநர் பாக்கித் துணிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் தலை குனிந்து நின்றான். "முதல்ல என் படியைக் கட்டிக் குடு, அப்புறம் உன் சட்டையைத் தைக்கிறேன்" என்றாள் ஊசியக்கா. உடனே போய்க் கொத்தனாரை அழைத்து வந்தான். தம்பி மணல் சுமந்தான், யாரும் கேட்காமலே.

கொத்தனார் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "எந்தக் கிறுக்கன்மா போட்டான் இந்தப் படியை? மீதியையும் பேர்த்துட்டுச் சமமாப் போட்டுடறேன்."

"அதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அவள். "உடைஞ்ச மூலையை மட்டும் கட்டுங்க. கோணலாவே கட்டுங்க."